எந்த ‘ம்’?

மனிதர்கள் ‘ம்’ என்று சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காக நிறைமதிக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இதை அவள் அம்மாவுக்கு எப்படி விளக்கியும் புரியவைக்க முடியவில்லை. யாராவது கேட்டால், “மக கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா” என்று அம்மா முடித்துக்கொண்டுவிடுவாள்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த அந்த நிறுவனம் செய்த செயலியின் பெயர் ‘காதோரம்’. உங்களால் பேச முடியாத நேரத்தில் வீட்டு ஆட்கள் அழைத்தால் அது போனை எடுக்கும். உங்கள் குரலிலேயே ‘சொல்லு’ என்னும். பிறகு அவர்கள் பேசப் பேச, இடம் பார்த்து ‘ம்’ கொட்டிக்கொண்டே இருக்கும். போனை வைத்ததும், பேசியதன் சாரத்தை நாலு வரியில் உங்களுக்கு எழுதி அனுப்பும். வீட்டுப் பேச்சில் பாதிக்குமேல் பதிலே தேவைப்படாத பேச்சு, எதிர்முனையில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும் என்ற எண்ணத்தில் பிறந்த பொருள் அது. வேலைக்குப் போகிறவர்கள் மத்தியில் நன்றாகவே பிடித்துக்கொண்டது.

ஆனால் ஆரம்பத்தில் ஒரு விபரீதம் நடந்தது. மாமியார் ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டதாகச் சொல்ல, செயலி மருமகனின் குரலில் ரொம்ப உற்சாகமாக ‘ம்ம்!’ என்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் மொழியியல் படித்த ஆள் வேண்டும் என்று நிறைமதியை எடுத்தார்கள். அவள் நூற்றுக்கணக்கான பேச்சுகளைக் கேட்டு ‘ம்’களை வகை பிரித்தாள். கதை கேட்கிற ‘ம்’. ஆறுதல் ‘ம்’. ‘அப்புறம்?’ என்று இழுக்கிற ‘ம்’. நம்பாத ‘ம்’. ‘சரி, வை’ என்கிற ‘ம்’. வகை முப்பதைத் தாண்டியது. எல்லாவற்றையும் செயலிக்குக் கற்றுக்கொடுத்த அவள், ஒன்றை மட்டும் பிடுங்கிப் போட்டாள். அது சம்மத ‘ம்’. ‘செய்யட்டுமா?’ என்று யாராவது கேட்டால் செயலி ‘ஒரு நிமிஷம் இரு’ என்று சொல்லி உரியவரை அழைக்க வேண்டும். அவரும் வராவிட்டால் ‘அப்புறம் பேசுறேன்’ என்று போனை வைத்துவிட வேண்டும். ‘கேட்கும், சம்மதிக்காது’ என்று விளம்பரத்திலேயே போட்டார்கள்.

அந்த நம்பிக்கையில்தான் ஒரு திங்கட்கிழமை காலை குண்டு விழுந்தது. குழுத் தலைவர் ஷாஜகான் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“என் பேரு ராஜகுரு சார். ஓசூர்ல டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வச்சிருக்கேன். உங்க மெஷின் எங்க அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருச்சு.”

ஷாஜகான் உதட்டைக் கடித்துக்கொண்டார். “மெஷின் எப்படிங்க கல்யாணம் பேசும்?”

“தாய்மாமன் சரின்னு சொல்லாம எங்க பக்கம் பூ வைக்க மாட்டாங்க. அக்கா போன்ல கேட்டிருக்கா. ‘தென்காசி இடத்தையே முடிச்சிரட்டுமா தம்பி’ன்னு. உங்க மெஷின் ‘ம்’னிருக்கு. மறுநாள் காலையிலேயே வந்து பூ வச்சிட்டுப் போயிட்டாங்க. அதை நான் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோவாப் பார்க்கிறேன். தோள்ல தூக்கி வளர்த்த பிள்ளை சார் அது. கண்டவனெல்லாம் கட்டைவிரலை உசத்திக்கிட்டிருக்கான், நான் யாரு மாப்பிள்ளைன்னே தெரியாம உக்காந்திருக்கேன்.”

“அக்காகிட்டப் பேசினீங்களா?” என்றாள் நிறைமதி.

“கத்தினேன் மேடம். ‘நீதானடா ம்ன்னே’ன்னா. ‘அது நான் இல்ல, மெஷினு’ன்னேன். பத்து மாசமா மெஷின்தான் கேட்டுக்கிட்டிருக்குன்னும் சொல்லிட்டேன். ஆத்திரத்தில வாயில வந்துருச்சு. அதிலேருந்து அவ போனே பண்ணல. தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு டாண்ணு வர்ற போனு.”

மறுபடி கோபத்தை வரவழைத்துக்கொண்டார். “உங்க மெஷினே சரியில்ல சார். முன்னாடி ஒரு நாள், அக்கா வீட்டு மொட்டை மாடியில ஒட்டகம் நிக்குதுன்னு எழுதி அனுப்புச்சு. சரி, உளறுதுன்னு விட்டுட்டேன். இதை விடமாட்டேன். வக்கீலைப் பார்க்கப் போறேன்.”

போனை வைத்த பிறகு ஷாஜகான் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு தடவை அது சம்மதம் சொல்லியிருந்தாலும் கடையை மூட வேண்டியதுதான் நிறை. இன்னைக்குக் கல்யாணம். நாளைக்கு ஆபரேஷன், நிலம், எதுவும் ஆகலாம். நீ என்ன நினைக்கிறே?”

“சொல்லியிருக்காது சார்.”

“இது உன் நம்பிக்கையா, உனக்குத் தெரிஞ்சதா?”

அவள் முப்பது வகையையும் தன் காதை நம்பித்தான் பிரித்திருந்தாள். கதை கேட்கிற ‘ம்’முக்கும் சம்மத ‘ம்’முக்கும் நடுவில் இருக்கிற சுவர் எவ்வளவு மெல்லியது என்பது அவளுக்குத்தான் தெரியும். அதில் எங்காவது ஓட்டை இருந்தால் அது அவள் விட்ட ஓட்டை.

“அந்தப் பேச்சோட பதிவு இருக்குமே சார்?”

“அவர் போன்ல பூட்டி இருக்கு. பேசின ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் நாம திறக்கலாம். தம்பி சரின்னுட்டார். அக்காவைக் கூப்பிட்டேன். ‘நேர்ல ஆளை அனுப்புங்க. போன்ல பேசுறது யாருன்னே இப்பல்லாம் தெரியறதில்ல’ன்னுட்டாங்க.”

அப்படித்தான் நிறைமதி சாத்தூருக்குப் போனாள்.

சங்கரேஸ்வரியின் வீடு பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். உள்ளே போவதற்கு முன் நிறைமதி தன்னையறியாமல் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கியிருந்தார். “அண்ணாச்சி, பிரீமியம் கட்ட நாளைக்குத்தான் கடைசி. அப்புறம் சங்கரேஸ்வரி சொல்லலன்னு சொல்லப்படாது” என்று பேச்சை முடித்துவிட்டு இவளைப் பார்த்தார். இருபது வருடமாகக் காப்பீட்டு முகவர். கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. மகள் ஹரிணி மதுரையில் வேலை பார்க்கிறாள். இவ்வளவையும் நிறைமதி செருப்பைக் கழற்றி உட்காருவதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

“ம்-முக்கு ஆராய்ச்சி பண்ற பிள்ளை நீதானா? பார்த்தா நல்ல பிள்ளையாத்தான் இருக்கே. பாலிசி எதுவும் போட்டிருக்கியா?”

“கம்பெனியில ஒண்ணு இருக்கும்மா.”

“அது கம்பெனிக்கு ஆகும். உனக்கு ஆகாது. சரி, அதை அப்புறம் பேசுவோம். இந்தா, சேவு எடுத்துக்கோ.”

நிறைமதி மடிக்கணினியைத் திறந்து, விஷயத்தை விளக்கினாள். செயலி சொல்கிற ஒவ்வொரு ‘ம்’மிலும் காதுக்குக் கேட்காத ஒரு குறி உண்டு. பதிவை ஓடவிட்டால், செயலியின் ‘ம்’ வரும்போது திரையில் பச்சைக் கோடு விழும். மனிதரின் ‘ம்’ என்றால் விழாது.

“அப்ப நீங்க மறைக்கிறதில்ல. எனக்குக் கேக்காத மாதிரிச் சொல்றீங்க, அவ்வளவுதானே?” என்றார் சங்கரேஸ்வரி. பிறகு திரையில் காட்டிய இடத்தில் விரலை வைத்துச் சம்மதித்தார். “போடு.”

பதிவு ஓடியது. சங்கரேஸ்வரியின் குரல் வேகமாக, வழக்கமான கதைகளோடு ஆரம்பித்தது. தெருவில் குழாய் உடைந்தது, ஹரிணியின் ஆபீஸ், யாரோ ஒரு சித்தப்பாவின் சர்க்கரை. பிறகு அந்தக் குரல் சற்று இறங்கியது.

‘தம்பி, ஒரு விஷயம். தென்காசிப் பையன் வீட்டிலேருந்து பேசினாங்க. பிள்ளைக்கும் பிடிச்சிருக்கு. பையனோட பெரியப்பா துபாய் கிளம்புறாராம். அதனால நாளைக்குக் காலையிலேயே வந்து பூ மட்டும் வச்சிட்டுப் போறோங்கிறாங்க. நீ ஆடி கழிச்சு நிச்சயத்துக்கு வந்தாப் போதும். முடிச்சிரட்டு—’

‘ம்.’

‘—மா? நீ சொன்னாச் சரி. நீ சொல்லணும்னுதான் ரெண்டு நாளாக் காத்திருந்தேன்.’

‘ம், ம்.’

நிறைமதி திரையையே பார்த்தாள். பச்சைக் கோடு விழவில்லை. பின்னோக்கி ஓட்டி இன்னொரு முறை போட்டாள். கோடு இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது முறை கேட்டாள். இந்த முறை ‘ம்’முக்குப் பின்னால் இருந்ததெல்லாம் கேட்டது. எதையோ கடிக்கிற நறுக்கென்ற சத்தம். தூரத்தில் குக்கர் விசில். செயலியின் பின்னணியில் எப்போதும் மௌனம்தான் இருக்கும். செயலி எதையும் தின்பதில்லை.

அவள் விட்ட ஓட்டை இல்லை. அந்த நிம்மதி முகத்தில் தெரிந்துவிடக்கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“அம்மா, இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இது எங்க செயலி இல்ல. அன்னைக்கு உங்க தம்பியேதான் பேசியிருக்கார்.”

“தெரியும்.”

நிறைமதி நிமிர்ந்தாள்.

“வாக்கியம் முடியறதுக்கு முன்னாடியே வந்து விழுது பார்த்தியா அந்த ‘ம்’? அது எங்க குரு. சின்னதிலேருந்தே அப்படித்தான். முழுசாக் கேக்க மாட்டான். ‘ம், ம், சொல்லு சொல்லு’ன்னு அவசரம். பத்து மாசம் முன்னாடி திடீர்னு திருந்திட்டான். நான் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்து, அழகா ஒரு ‘ம்’. நான் தொண்டை அடைச்சுப் பேசினா அதுக்குத் தக்கன மெதுவா ஒரு ‘ம்’. எனக்கு அன்னைக்கே சந்தேகம்.” சங்கரேஸ்வரி ஒரு சேவுத் துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். “சோதிச்சுப் பார்ப்போம்னு ஒரு நாள் சொன்னேன். ‘தம்பி, நம்ம மொட்டை மாடியில ஒட்டகம் நிக்குதுடா’ன்னு.”

“ஒட்டகமா!”

“ஆமா. ‘ம்’னுச்சு. ‘எப்படி ஏறுச்சுன்னே தெரியல’ன்னேன். ‘ம்ம்?’னு ஆச்சரியமாக் கேட்டுச்சு. நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கே நீ. மறுநாளாவது அவன் கூப்பிட்டு, ‘என்னக்கா உளறுறே’ன்னு கேப்பான்னு பார்த்தேன். கேக்கல.”

அந்தச் சுருக்கம் ராஜகுருவின் போனுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததும், அவர் அதை இயந்திரத்தின் உளறல் என்று ஒதுக்கியதும் நிறைமதிக்குத் தெரியும். சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லவில்லை.

“தெரிஞ்ச பிறகும் பத்து மாசம் பேசினீங்களாம்மா? ஒரு மெஷின்கிட்ட?”

“பேசினேன். என் வேலை என்ன? நாள் பூரா அடுத்தவன் காதைப் பிடிச்சு இழுக்கிறது. என்னைக் கண்டா தெருவில பாதிப் பேரு போன் பேசுற மாதிரி பாவ்லா பண்ணுவான். சாயங்காலம் ஒரு மணி நேரம், நான் எதைச் சொன்னாலும் கேக்குறதுக்கு ஒண்ணு இருந்துச்சு. அதுவும் எங்க தம்பி குரல்ல. எனக்கு அது கசக்கவா செய்யும்?” சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டார். “ஆனா பிள்ளை விஷயத்தை அதுகிட்டக் கேக்க முடியுமா? அவன்கிட்டத்தான் கேக்கணும். ரெண்டு நாளா அது வந்துச்சு, குழாய்க் கதையையும் சர்க்கரைக் கதையையும் மட்டும் பேசிட்டு வச்சிட்டேன். மூணாம் நாள் அதே கதையைப் பேசிக்கிட்டிருக்கும்போதே அரைகுறையா ஒரு ‘ம்’. கருக்கு முருக்குன்னு எதையோ மென்னுக்கிட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. குரு வந்துட்டான்னு அவசர அவசரமாக் கேட்டேன்.”

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“‘அது நான் இல்ல, மெஷினு’ன்னு கத்தினானே, முதல்ல பொய் சொல்றான்னு நினைச்சேன். அப்புறம்தான் விளங்குச்சு, அவன் பொய் சொல்லல. பேசினது தான்தான்னே அவனுக்குத் தெரியல. பொய் சொல்லியிருந்தாக்கூடத் தேவலை.”

நிறைமதி மடிக்கணினியை மூடினாள்.

“ஒரு காரியம் பண்ணும்மா,” என்றார் சங்கரேஸ்வரி. “அவன் கேட்டா, மெஷின்தான்னு சொல்லிடு.”

“அம்மா, அது பொய்யாச்சே. எங்க கம்பெனிக்கு...”

“கம்பெனிக்கு நிஜத்தையே எழுது. யாரு வேண்டாம்னா? அவன்கிட்ட மட்டும் சொல்லாதே. ஆவணியில கல்யாணம். அவன் மாலை எடுத்துக் குடுக்காம எம் பிள்ளை மேடையேறுமா? கோவத்தில இருக்கிற தம்பியைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருவேன். கூனிக் குறுகி உக்காந்திருக்கிறவனை என்ன பண்ணுவேன்? ‘நானே கேட்டுட்டுத்தான் கவனிக்காம இருந்தேன்’னு தெரிஞ்சா அவன் இந்தப் பக்கமே வரமாட்டான். எனக்கு அவனைத் தெரியும். சொல்லுவியா?”

“ம்,” என்றாள் நிறைமதி.

சங்கரேஸ்வரி கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார். “இது எந்த ‘ம்’? சரிங்கிற ‘ம்’மா, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிற ‘ம்’மா?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் பதில் சொல்லாமலேதான் நிறைமதி எழுந்தாள். வாசல்வரை வந்து, ஒரு சேவுப் பொட்டலத்தையும் பாலிசி விவரம் அச்சடித்த ஒரு தாளையும் அவள் கையில் திணித்துவிட்டுத்தான் அந்த அம்மாள் உள்ளே போனார்.

மதுரை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஷாஜகானுக்கு எழுதினாள்: ‘நம்முடைய ம் அல்ல. குறி இல்லை. பின்னணிச் சத்தம் இருக்கிறது. செயலி சுத்தம்.’ உடனே பதில் வந்தது. நாலைந்து கைதட்டல் படங்கள். அதற்குக் கீழே: ‘வாடிக்கையாளருக்கு நாளைக்கே விளக்கக் கடிதம் அனுப்பிவிடலாம்.’

அந்தக் கடிதத்தை எப்படி நிறுத்துவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. ராஜகுரு.

“மேடம், அக்காவைப் பார்த்தீங்களா? எப்படி இருக்கா?”

“நல்லா இருக்காங்க சார். எனக்கு ஒரு பாலிசி விக்கப் பார்த்தாங்க.”

அவர் சிரிக்க முயன்றது கேட்டது. “போட்டுடுங்க. போடாம விடமாட்டா.” ஒரு லாரி பின்னோக்கி வருகிற பீப் ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. “மேடம், நான் அந்தப் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“ஏன் சார்?”

“நேத்து உக்காந்து பழைய சுருக்கத்தையெல்லாம் படிச்சேன். வக்கீல்கிட்டக் காட்டணுமே, அதுக்காக. பத்து மாசச் சுருக்கமும் இருக்கு. அந்த ஒரு நாளுக்கு மட்டும் இல்ல. அப்புறம் யோசிச்சா... அதுக்கு முந்தின ராத்திரிதான் போனை அப்டேட் பண்ணினேன். செயலி போனை எடுக்கிறதை அதுவா நிறுத்தியிருக்கு, பதிவு மட்டும் ஓடியிருக்கு. நானேதான் எடுத்திருக்கேன் மேடம். ஸ்பீக்கர்ல போட்டுட்டு, முறுக்கைத் தின்னுக்கிட்டே லாரி எங்க வருதுன்னு ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டிருந்தேன். சுருக்கம் வரலையா, அதனால அன்னைக்கு அக்கா பேசவே இல்லைன்னு நினைச்சிட்டேன்.”

பஸ் ஒரு மேம்பாலத்தில் ஏறியது. நிறைமதி காதோடு போனை அழுத்திக்கொண்டாள். அவர் இன்னும் முடிக்கவில்லை என்று தோன்றியது. காத்திருந்தாள்.

“உங்ககிட்ட ஒரு உதவி. அக்கா கேட்டா, மெஷின்தான்னே சொல்லிடுங்க. எங்க அக்காவுக்கு மெஷின் மேல கோவம் வந்தா வரட்டும். நான் லைன்ல இருந்துமே கேக்கலைன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. புருஷனும் இல்ல. எங்கிட்டத்தான் எல்லாத்தையும் சொல்லுவா. சொல்லிடுவீங்களா மேடம்?”

முப்பது வகையும் நினைவுக்கு வந்தன. இந்தக் கேள்விக்கு அவற்றில் எதுவும் பொருந்தவில்லை.

“ம்,” என்றாள்.

“ரொம்ப நன்றி மேடம். வைக்கிறேன். மணி ஏழாகப் போகுது. இன்னைக்கு நானே அக்காவுக்குப் போடலாம்னு இருக்கேன்.”

நீங்களேவா, செயலியா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

புகார் வாபஸ் ஆனதால் விளக்கக் கடிதத்துக்கு அவசியமில்லாமல் போயிற்று. ஷாஜகானுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நிறைமதி தன் வகைப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்க முயன்று, பெயர் வைக்கத் தெரியாமல் அழித்துவிட்டாள். ஓசூர் ராஜகுருவின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு வசதி இருந்தது. இரண்டு முறை கை அந்தப் பக்கம் போனது. பார்க்கவில்லை.

ஆடி பாதி கழிந்திருந்தபோது சங்கரேஸ்வரியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் கேட்பதற்காகத்தான் அனுப்பியிருந்தார். பாலிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை இருந்தது. செய்தியை முடிக்கப் போகிறவர்போல் இழுத்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தார்.

“ஏம்மா, உன்கிட்டச் சொல்லணும்னு நினைச்சேன். நேத்து குருகிட்டப் பேசிக்கிட்டிருந்தேனா? நடுவில சும்மாத்தான், ‘தம்பி, மாடியில ஒட்டகம் நிக்குதுடா’ன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்ல. ‘ம்’மும் இல்ல. ஒரு நிமிஷம் இருக்கும். எனக்கே பயமாப் போச்சு, லைன் கட்டாயிருச்சோன்னு. அப்புறம் மெதுவாக் கேக்குறான், ‘இன்னும் அங்கேயேவாக்கா நிக்குது?’ன்னு.”